குறட்டை நின்ற பிறகு

வாய் திறக்கவில்லை. சவ ஊர்திக்காரர் கட்டைவிரலைக் கன்னத்தோரம் கொடுத்து இன்னொரு முறை நெம்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“உள்ள பிளாஸ்டிக்ல என்னமோ மாட்டியிருக்கே. பல்செட்டாம்மா?”

“பல்லெல்லாம் அவரோடதுதான்,” என்றாள் அவள். “அது குறட்டைக்குப் போடுறது.”

தொழிலில் எதையெல்லாமோ பார்த்த மனிதர், இதைப் பார்த்ததில்லை போலும். குனிந்து ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

கட்டிலில் கிடந்த அவள் கணவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். இப்போது கீழ்த்தாடை முன்னே துருத்திக்கொண்டு, யாரிடமோ வீம்புக்கு நிற்பவர் மாதிரி இருந்தார். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர வேறெதிலும் வீம்பு பிடிக்காத மனுஷன்.

“அதை எடுக்கச் சொல்லு. என் தம்பி மூஞ்சியா இது?” நாத்தனார் வாசற்படியில் நின்றே கத்தினாள்.

“தாடையை உடைச்சுத்தான் எடுக்கணுமாம் அண்ணி. வேண்டாம், இருக்கட்டும்.”

“இருக்கட்டுமா? நல்லா இருக்கு!”

கூடத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில், “தூக்கத்துலயே போயிட்டாரு, கொடுத்து வச்சவரு,” என்றார்கள். மூக்கைச் சிந்திவிட்டு அடுத்ததாக, “நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? ஒரு சத்தமும் கேக்கலையா?” என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. பல வருஷங்களில் தூங்காத தூக்கம் தூங்கினாள்.

நாத்தனார் அவளிடம் கேட்கக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம், இவள் காதில் விழும்படி சொன்னாள்: “இவ தனி ரூமுல படுத்துக்கிட்டிருந்த வரைக்கும் என் தம்பி நல்லாத்தான் இருந்தான்.”

அவள் தனி அறைக்குப் போனபோதும் இதே நாக்குதான், புருஷன் குறட்டையைப் பொறுக்காத மகாராணி என்றது.

குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. இரும்புப் பெட்டியைத் தரையில் இழுப்பது மாதிரி தொடங்கி விசிலில் முடியும். “நம்ம வீட்டு மில்லு ஓட ஆரம்பிச்சாச்சு,” என்று மகன் கேலி செய்வான். அச்சகத்தில் இயந்திரக் கத்திக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் கண் அசந்ததை மேஸ்திரி பார்த்துவிட்ட அன்றுதான் சிரிப்பு நின்றது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் டாக்டர். முகமூடியும் குழாயுமாக ஒரு இயந்திரம் கொடுத்தார். “தும்பிக்கை வச்சுக்கிட்டு எவன் தூங்குவான்?” என்று கணவர் அதை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் இது. பல் டாக்டர் வாயில் பசையை அப்பி அச்செடுத்து, மேலுக்கும் கீழுக்கும் தனித்தனியாகச் செய்து, பக்கவாட்டில் திருகு வைத்துக் கொடுத்தார். மாட்டினால் கீழ்த்தாடை முன்னே வரும், தொண்டை திறந்துகொள்ளும். “எல்லாருக்கும் இது மட்டும் போதாது. மாட்டிக்கிட்டே இன்னொரு தடவை தூக்கப் பரிசோதனை செஞ்சு பாக்கணும். சத்தம் வேற, மூச்சு வேற,” என்று இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

சத்தம் மந்திரம் போட்டது மாதிரி நின்றது. தலையணையை எடுத்துக்கொண்டு அவள் பழைய அறைக்கே திரும்பினாள். காலையில் தாடை வலியோடு, பல் சேராமல் தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொள்வார்; ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அந்த நாட்களில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“அந்தப் பரிசோதனைக்கு எப்பப் போறது?”

“நீ நல்லாத் தூங்குறியா?”

“தூங்குறேன். அதுக்கு?”

“அப்ப எனக்குக் குணமாயிடுச்சு.”

எத்தனை தரம் கேட்டாலும் இதே பதில். விடுமுறை நாளில் செய்தித்தாளோடு உட்கார்ந்தபடியே தலை தொங்கியதைக் கேட்டால், வயசு என்பார். அவர் தன் மூச்சுக்கு வைத்தியம் பார்க்கவில்லை, அவள் காதுக்குப் பார்த்திருக்கிறார். தான் தூங்கிய அந்தத் தூக்கத்தை நினைக்க இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தாடை துருத்தியபடியேதான் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பிய பிற்பகலில் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தார்கள். விடிந்ததிலிருந்து அழுத நாத்தனார் பாயில் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் இரும்புப் பெட்டியை இழுக்கும் சத்தம் கிளம்பியது. விசிலும் வந்தது. கூடம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

மகன் முகம் வெளுத்துவிட்டது. “அத்தையை எழுப்பவாம்மா? கேக்க முடியல.”

“வேண்டாம். தூங்கட்டும்.”

இவளையா தூங்க விடுகிறோம் என்று கசந்தது. ஆனாலும் அந்தச் சத்தத்தை அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் அவர் இருந்தார்.

சட்டென்று சத்தம் அறுந்தது.

“அப்பாடா, நின்னுடுச்சு,” என்றான் மகன். சுவரோரம் யாரோ கால் நீட்டிக்கொண்டார்கள்.

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். நாத்தனாரின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கிலும் திறந்த வாயிலும் விரலை வைத்தால் காற்று இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணி! அண்ணி!”

தண்ணீரிலிருந்து தலை தூக்கியவள் போல நாத்தனார் இழுத்து மூச்சு விட்டு விழித்தாள். சுற்றிலும் முகங்களைப் பார்த்ததும் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“சத்தம் போட்டேனா?”

“இல்ல அண்ணி. நிறுத்திட்டீங்க.”

நாத்தனார் மறுபடி மல்லாக்கச் சாயப் போனாள்.

“ஒருக்களிச்சுப் படுங்க,” என்று அவள் தன் தலையணையை நாத்தனாரின் முதுகுக்குப் பின்னால் அண்டை கொடுத்தாள். “நான் முழிச்சுத்தான் இருக்கேன்.”

நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வெகுநேரமாகியும் குறட்டை வரவில்லை. நாத்தனார் தூங்கவில்லை என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது.