பெல்ட்டில் நுரை

என் அண்ணனுக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். அதை நினைத்தால் இப்போது எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

புது கார் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்தான். சும்மா கொடுத்தான் என்று சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் என்னிடம் சொல்லிவிட்டார்கள். தங்கச்சி குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு அல்லாடுகிறாளாம், பார்க்கப் பொறுக்கவில்லையாம். நானும் பல்லை இளித்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டேன். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, பாப்பாவின் பள்ளிக்கூடம் அடிவாரத்தில். நடுவில் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. பாப்பா முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே வருவாள்.

காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பினால் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம். யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும், ஒரு தலை எட்டிப் பார்க்கும். கொஞ்ச தூரம் போனால் சத்தம் அடங்கிவிடும்.

அண்ணனிடம் சொன்னேன்.

"குளிருக்கு மனுஷனுக்கே தொண்டை கட்டுது, வண்டிக்குக் கட்டாதா? நான் வந்து பாக்கறேன், நீ கண்டவன்கிட்ட கொண்டு போகாதே."

சொன்னபடி சாயங்காலம் வந்தான். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, "உள்ள போய் எனக்கு ஒரு காபி போடு" என்றான். போட்டுக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்து, பாத்ரூமில் கை கழுவிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை சத்தம் இல்லை. கைராசிக்காரன் என்று நானே அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டேன். சில நாளில் மறுபடி கீச். மறுபடி அண்ணன், மறுபடி காபி. அவன் வந்து போனால் பாத்ரூம் சோப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். பாப்பாதான் அழுக்குக் கையோடு தொடுகிறாள் என்று அவளை வைதேன்.

போன வாரம் அவன் வெளியூர் போயிருந்தான். சத்தம் பொறுக்க முடியாமல் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே போனதும் வண்டி நல்ல பிள்ளையாகிவிட்டது.

"சூடாயிடுச்சுக்கா. இப்ப சத்தம் போடச் சொன்னா எப்படிப் போடும்? விட்டுட்டுப் போங்க, காலையில ஆறின இன்ஜினாப் பாக்கலாம்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலை நான் போன பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். கீச். "அப்பாடா, கத்துது" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து, பானட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பெல்ட்டின் மேல் பீய்ச்சினார். தண்ணீர் பட்டதும் சத்தம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காம்.

பெல்ட் நுரை தள்ளியது.

வெள்ளை வெளேரென்று நுரை. சக்கரத்துக்குச் சக்கரம் தெறித்து, பானட்டின் உள்பக்கமெல்லாம் அப்பியது. கூடவே ஒரு ரோஜா வாசனை. தினமும் காலையில் என் மேலும் என் குழந்தை மேலும் வீசுகிற அதே வாசனை.

"கருமம்! இது என்னக்கா வண்டியா, வாஷிங் மெஷினா?" மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்த மகராசன் இதுல சோப்பு தேச்சது?"

எங்கள் பாத்ரூம் சோப்பில் விழுந்த கறுப்புக் கோடு எனக்கு நினைவுக்கு வந்தது.

நுரை கழுவிப் போனதும் சத்தம் இரண்டு மடங்காகியது. இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்தார். எல்லாம் வழவழவென்று சுற்றின. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்னச் சக்கரம் மட்டும் மணலை அரைப்பதுபோல நறநறத்தது.

"இதுதான்கா. பேரிங் போயே போச்சு. இந்தச் சக்கரம் எப்ப வேணா இறுகிக்கும், பெல்ட் அறுந்துடும். அறுந்தா ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடும். வளைவுல இறங்கறப்ப அப்படி ஆச்சுன்னா..." மீதியை விழுங்கிவிட்டார். "சத்தத்தை அடக்கினா கோளாறு போயிடுமா?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்தான், சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வண்டியில சோப்பு தேச்சியா?"

"வந்ததும் வராததுமா என்ன இது? சத்தம் நின்னுச்சா இல்லையா?"

"உள்ள ஒரு சக்கரம் போயிடுச்சாம். தெரியுமா உனக்கு?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன மெக்கானிக்கா? சும்மா கிடைச்ச வண்டிக்கு இவ்வளவு நொட்டை." அடுத்த கவளத்தை உருட்டினான். "இந்தக் காலத்துல நல்லது செஞ்சா இதான் மிச்சம்."

அந்த நிமிஷம்வரை அவனுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் என் மனசு ஒரு மூலையில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவனாயிற்றே.

அண்ணி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். பாவம், சூது வாது தெரியாதவள்.

"அந்தச் சக்கரமா? அதை மாத்திட்டுத்தானே உங்களுக்குக் குடுத்தாரு? அது மாத்தற வரைக்கும் பசங்கள இந்த வண்டியில ஏத்தாதேன்னு என்கிட்ட அப்படிக் கண்டிப்பாச் சொன்னாரு. மழையில கூட பஸ்லதான் அனுப்பினேன்." செம்பை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "மாத்திட்டீங்கதானே? பாப்பா தினம் அதுலதானே போறா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணியைப் பார்த்து, "உன்ன யாரு இப்ப வாயத் தொறக்கச் சொன்னா?" என்றான்.

த்தூ! சாவியை அவன் சாப்பிடுகிற தட்டிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.