தோளில் இருந்த கை

நாச்சியப்பச் செட்டியார் கடையில் தன் படத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அசைந்தால் தோளில் இருக்கும் கை விழுந்துவிடும். அது அவர் மனைவி உமையாள் ஆச்சியின் வலது கை. மிச்ச ஆச்சி புதுச்சேரியில் ஒரு ஹோட்டல் சுவரில் இருந்தார்.

இந்தக் காரியத்தைச் செய்தவர் பழம்பொருள் வியாபாரி பூமிநாதன். காரைக்குடியில் இடித்த வீடு ஒன்றிலிருந்து கதவு, தூண், பீங்கான் ஜாடிகளோடு அந்தத் தம்பதி படமும் அவர் கடைக்கு வந்தது. சுவரில் மாட்ட யாருடைய தாத்தா பாட்டியாவது ஹோட்டல்காரர்களுக்கு வேண்டும். புதுச்சேரிக்காரரின் சுவரோ ஒடுக்கம். பூமிநாதன் கத்தரியை எடுத்தார். உட்கார்ந்தவர் ஒரு பக்கம், நின்றவர் ஒரு பக்கம். தோளில் வைத்த கை செட்டியாரோடு தங்கிவிட்டது.

"சாப்பாட்டுக் கடையில சோத்துக்கை இல்லாம ஆச்சி என்ன பண்ணும் தம்பி?" என்று செட்டியார் கேட்டார்.

பூமிநாதனுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லை.

கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது செட்டியாரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவரைக் கோயமுத்தூர் ஹோட்டலுக்குத் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல் தவறாதவர் என்று பூமிநாதனுக்குக் கடைத்தெருவில் பெயர். அந்தப் பெயரைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

"கையை மட்டும் குடுங்க. சேத்துட்டு வந்துடுறேன்."

"நானும் வர்றேனே."

"பஸ்ல கூட்டம் செட்டியாரே."

செட்டியார் நம்பினார். அதுதான் பூமிநாதனை அறுத்தது. பக்கத்துக் கடை சிக்கந்தரிடம், "கோயமுத்தூர் வண்டி வந்தா எனக்குப் போன் போடு" என்று சொல்லிவிட்டு, கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

பஸ்ஸில் கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"பொம்பளக் கையா?"

"ஆமா."

"லேடீஸ் சீட்ல வைங்க. நீங்க நில்லுங்க."

புதுச்சேரி வரை பூமிநாதன் நின்றார். நிற்பது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஹோட்டலில் எல்லா மேஜையிலும் ஆள். ஆச்சி சுவரிலிருந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பூமிநாதனுக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. கையைக் கொடுத்தார். அது போய்ப் பொருந்திக்கொண்டது.

"சாப்பிடுங்க ஆச்சி."

"அவுக சாப்பிடாம நான் சாப்பிட்டதில்ல. எங்க அவுக?"

"பின்னாலயே வர்றாரு."

பொய் சொல்ல அவர் யோசிக்கவேயில்லை. தொழில் அப்படி.

ஆச்சியின் கை எங்கே இறங்குவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"தோள்லயே இருந்து பழகின கை. அவுக வர்ற வரைக்கும் நீங்க செத்த உக்காருங்க."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆச்சிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தார். கை தோளில் வந்து அமர்ந்தது. அதற்குக் கனமே இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. உள்ளங்கைகள் முழங்கால்களில் ஒட்டிக்கொண்டன. முகத்துக்கு முன்னால் படத்தின் கண்ணாடி இருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. சர்வர் அதை எடுத்து, கண்ணாடி ஓரமாக அவர் காதில் வைத்தார்.

"அண்ணே, வண்டி வந்துருச்சு. செட்டியாரை ஏத்தவா? வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

வேண்டாம். ஏத்தாதே சிக்கந்தர். பேரும் வேண்டாம், வியாபாரமும் வேண்டாம். சொல்லிவிட வாயைத் திறக்கப் பார்த்தார். அந்தக் காலத்துப் படங்களில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

"சரிண்ணே, ஏத்தியாச்சு."

போனுக்குள் வண்டி உறுமியது. ஆச்சியின் விரல்கள் அவர் தோளை மெல்ல அழுத்தின.

"வண்டிச் சத்தம் கேக்குதே. அவுக கெளம்பிட்டாகளா?"

பூமிநாதன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி சர்வரைக் கூப்பிட்டு, இரண்டு இலை போடச் சொன்னார்.