லிஃப்ட் மெக்கானிக்கின் வியாழக்கிழமைகள்

முதல் மூன்று வாரமும் மனநல ஆலோசகரின் திரையில் தெரிந்தது ஒரு கூரையும் குழாயின் வளைவும்தான். லிஃப்ட் மெக்கானிக் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் கைபேசியை மல்லாக்க வைத்துவிட்டுப் பேசினான். வெளியே மனைவிக்குக் கேட்கக் கூடாதென்று குழாயை வேறு திறந்து விட்டிருந்தான்.

"தொட்டி காலியாகுறதுக்குள்ள பேசி முடிச்சிடணும் மேடம்" என்றான் முதல் நாளே.

தன் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆலோசகருக்கு இதெல்லாம் புதிதல்ல. காருக்குள்ளிருந்து பேசுகிறவர்கள் உண்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பேசுகிறவர்களும் உண்டு. முகத்தைக் காட்டச் சொல்லி அவள் யாரையும் வற்புறுத்துவதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பதினோராவது மாடியில், அவனோடு வேலை பார்த்த மைத்துனன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோனான். பாதுகாப்புக்குக் கட்டியிருந்த இடுப்பு வாரின் கொக்கி தேய்ந்திருந்ததே காரணம், மெக்கானிக் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். ஆனாலும் லிஃப்ட் மணிச் சத்தம் எங்கே கேட்டாலும் அவனுக்கு உள்ளங்கை வியர்த்தது, மூச்சு முட்டியது. வேலைக்குப் போகவில்லை. கம்பெனிதான் இந்த ஆலோசனைக்கு ஏற்பாடு செய்திருந்தது.

மூச்சு முட்டும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருட்களைப் பேர் சொல்லச் சொன்னாள் ஆலோசகர். அவன் "தாழ்ப்பாள், மூணு ஸ்க்ரூ, ஒரு ஸ்க்ரூ லூசு..." என்று தொடங்கினான். மூச்சு மெல்ல மட்டுப்பட்டது. ஆனால் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்வான்.

மூன்றாம் வாரம் கதவு தட்டும் சத்தமும் மனைவியின் குரலும் கேட்டன. "அரை மணி நேரமா என்ன குளியல்? உள்ள எருமையா குளிப்பாட்டுறீங்க?" இணைப்பு அறுந்தது.

நான்காம் வியாழன் திரையில் வந்தது ஒரு பெண்ணின் முகம்.

"நீங்க யாரு? வாராவாரம் என் புருஷன் உங்ககிட்ட என்ன குசுகுசுன்னு பேசுறாரு?"

"யார் என்கிட்ட பேசுறாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்றதில்லம்மா. உங்க வீட்டுக்காரரையே கேளுங்க."

"கேட்டா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரு. செத்தது என் கூடப்பிறந்த தம்பி. ஆனா வீட்ல ஊமையாப்போனது இவரு."

அவள் குரல் உயரவில்லை. ஆலோசகருக்கு ஒரு வார்த்தை சொல்லி ஆறுதல்படுத்தலாம் என்று தோன்றியது. சொன்னால் அவன் பேசுவதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். அன்று இன்னும் நான்கு பேரிடம் பேச வேண்டியிருந்தது, பேசினாள்.

அடுத்த வாரம் மெக்கானிக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தை ஆலோசகர் அன்றுதான் பார்த்தாள். நினைத்ததைவிட இளையவன்.

"இவளும் இருக்கலாமா மேடம்?" என்று பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினான்.

"நீங்க சரின்னா இருக்கலாம். முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடலாம்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு அவன் 'பசிக்குது மாமா, டீ குடிச்சிட்டு வந்து முடிக்கலாம்'னான். நான்தான் 'பத்து நிமிஷ வேலைடா, முடிச்சிட்டே போயிடலாம்'னேன். அஞ்சாவது நிமிஷம் விழுந்துட்டான்."

மனைவி எழுந்து போய்விட்டாள். எங்கோ ஓர் அலமாரிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. அவன் கையைத் தூக்கவில்லை. மனைவியிடமிருந்து வரப்போவது கோபம் என்றுதான் ஆலோசகர் கணக்குப் போட்டிருந்தாள்.

திரும்பி வந்த மனைவியின் கண்கள் சிவந்திருந்தன. "இதையா இத்தனை மாசம் வயித்துக்குள்ள வச்சிருந்தீங்க? நீங்க என் மூஞ்சியையே பார்க்காததுக்கு, என்னைத்தான் குத்தம் சொல்றீங்கன்னு நெனச்சேன். அவனுக்கு வேண்டாம்னு நீங்க சொன்ன வேலையை, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தது நான்தானே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்படி நான் ஒரு நாளும் நெனச்சதில்ல."

"நானும்தான் உங்களைக் குத்தமா நெனச்சதில்ல."

அன்று அதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆலோசகர் அடுத்த வார நேரத்தை மட்டும் உறுதிசெய்துகொண்டாள். மனைவிக்கு வேறொரு ஆலோசகரின் எண்ணையும் கொடுத்தாள்.

அதன் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. முதலில், கதவு திறந்திருந்த லிஃப்டின் வாசலில் அவன் வெறுமனே நின்றான். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறினான், இறங்கும்போது படியில் வந்தான். மூன்று மாதம் கழித்து தனியாக ஐந்து மாடி. வேலைக்கும் திரும்பினான், ஆனால் பட்டறையில், மேசை முன்னால் லிஃப்டின் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை.

"குழிக்குள்ள இனி இறங்க மாட்டேன் மேடம். அது தப்பா?"

"இல்ல. எந்த வேலை செய்யணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

"அப்போ இனிமே மாசம் ஒரு தடவை பேசினா போதுமா?"

போதும் என்றாள். இருவருமாகத் தேதி குறித்துக்கொண்டார்கள்.