செருப்பைத் திருப்பி வைத்த வரி

ஓரகத்தியின் புதுப் புத்தகம் கூரியரில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. கதைக்காக அல்ல. கதையை அவள் இன்னும் படிக்கவே இல்லை, பக்கங்களைத்தான் புரட்டினாள். ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பையும் சுற்றி மெல்லிய கொடி. முதல் எழுத்து மூன்று வரி உயரத்துக்கு, புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"எல்லாம் ஒரு சாஃப்ட்வேர்மா," என்றாள் ஓரகத்தி போனில். "கதையை உள்ள போட்டு மூணு க்ளிக் பண்ணினா புத்தகம். நீ இன்னும் கொழுந்தனாரைத்தான் பக்கம் பக்கமா உருட்ட விடறியா? பாவம் மனுஷன்."

அந்தப் 'பாவம்'தான் சுட்டது. சொந்தமாகக் குடும்ப நாவல் எழுதிச் சொந்தமாக வெளியிடுவதை அந்த வீட்டில் ஆரம்பித்து வைத்தவளே அவள்தான். நாலு நாவல் முடித்தாயிற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓரகத்தி பேனாவை எடுத்தாள். நாலுக்கும் பக்கம் அமைத்துக் கொடுத்தவர் அவள் கணவர். பேருந்துக் கழகத்தில் நேர அட்டவணை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி முன்னால் உட்கார்ந்து, வரி வரியாக நகர்த்துவார்.

"இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு," என்றார் அவர்.

"உங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அக்கா புத்தகத்தைப் பாத்தீங்களா? கொடி படர்ந்திருக்கு."

"பாத்தேன். எல்லா அத்தியாயமும் ஏன் 'அ'வுல ஆரம்பிக்குதுன்னு நீ பாத்தியா?"

பார்த்தாள். அவன், அவள், அன்று, அதற்குள், அம்மா. இருபத்திரண்டு அத்தியாயமும் அப்படித்தான். காரணம் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று சாஃப்ட்வேரை இறக்கிப் பார்த்தாள். ஒன்று அவளுடைய கணினியில் ஓடவே மறுத்தது. இன்னொன்று தமிழை வெறும் கட்டம் கட்டமாகக் காட்டியது. மிஞ்சியது ஓரகத்தியுடையதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே திறந்தாள். ஏழு நாள் இலவசம். புது நாவல் முடியாததால், போன வருஷ நாவலின் ஃபைலை, அவள் கையால் தட்டச்சு செய்ததை, உள்ளே போட்டாள்.

முதல் அத்தியாயம் 'கோபம்' என்று தொடங்கும். திரையில் 'க' மட்டும் பூதாகாரமாக நின்றது. அதன் கொம்பும் காலும் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அநாதையாகத் தொங்கின.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, அதான் அக்காவுக்கு எல்லாமே 'அ'வா? உடையாத எழுத்தாப் பாத்து எழுதியிருக்காங்களா?"

"சாஃப்ட்வேர் வளையல. அண்ணி வளைஞ்சு குடுத்துட்டாங்க," என்றார் அவர் அடுத்த அறையிலிருந்து.

பெரிய எழுத்து வேண்டாம் என்று அணைத்தாள். கொடி இருக்கட்டும். பதினோராம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைக் கொடியோடு படம் எடுத்து ஓரகத்திக்கு அனுப்ப வேண்டும். வாசகிகள் கடிதம் போட்டுக் கொண்டாடிய வரி அங்கேதான் இருந்தது: 'அவன் செருப்பு வாசலில் வெளியே பார்த்துக் கிடந்தது. அவள் குனிந்து அதை உள்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.' நூலகக் கூட்டத்தில் ஒருவர் அதை எழுந்து நின்றே வாசித்தார். அதை எழுதும்போது கண் கலங்கிவிட்டது என்று அவளும் மேடையில் சொன்னாள். இரண்டாவது வரிசையில் கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வரி அங்கே இல்லை. 'செருப்பு' என்று தேடினாள். புத்தகம் முழுவதிலும் ஒரு செருப்பு இல்லை.

"ஏங்க, இந்தச் சனியன் என் வரியை முழுங்கிடுச்சு."

அவர் வந்து எட்டிப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தார். "முழுங்கல. அது உன் ஃபைல்ல இருந்ததே இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"அத்தியாயம் முடியிற இடத்துல ஒத்த வரி அடுத்த பக்கத்துக்குத் தாண்டிப் போயிடுச்சு. முழுப் பக்கமும் காலி, உச்சியில அது மட்டும். இழுத்துப் பாத்தேன், வரல. நீ ஊர்ல இல்ல, போனும் எடுக்கல. அன்னைக்கே அச்சகத்துக்கு அனுப்பணும். துணைக்கு ஏதாவது இருக்கட்டும்னு சேத்தேன்."

அச்சான புத்தகத்தை அவள் திரும்பப் படிப்பதில்லை. பிழை கண்ணில் பட்டால் தூக்கம் போய்விடும். எல்லோரும் சொல்லச் சொல்ல, தானே எழுதியதாக நம்பிவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் இருந்தேன். கண்ணு கலங்கிடுச்சுன்னு நீ மைக்ல சொல்லிட்டே. அதுக்கப்புறம் எங்க சொல்றது?"

ஓரகத்தியும் கொடியும் ஒரே நொடியில் ஒன்றுமில்லாமல் போனார்கள். ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறாள். ஊர் மனசில் நின்றதோ, எட்டேகால் வண்டி எட்டு இருபதுக்கு என்று எழுதிப் பிழைக்கிற மனிதரின் ஒரு வரி.

"எங்கேர்ந்து பிடிச்சீங்க அதை?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"பிடிக்கல. நீ பண்றதுதானே? சண்டை வந்தா நான் செருப்பை வெளியே பாத்துப் போட்டுட்டு உக்காருவேன், கிளம்பப் போறவன் மாதிரி. அரை மணி கழிச்சுப் பாத்தா திரும்பியிருக்கும்."

அவளுக்கு அப்படிச் செய்ததாக நினைவே இல்லை. எரிச்சல் இன்னும் ஏறியது. தான் செய்ததைத் தான் பார்க்கவில்லை; பக்கத்திலிருந்தவர் பார்த்து எழுதியும்விட்டார்.

ஏழு நாள் இலவசத்தில் ஆறாம் நாள் ஓரகத்தி கூப்பிட்டாள்.

"உன் புத்தகத்துல பக்கம் அமைஞ்ச மாதிரி எனக்கு அமையலையேமா. அங்கங்க ஒத்த வரி தனியா நிக்குது. அடுத்ததைக் கொழுந்தனார்கிட்டயே குடுத்துடட்டுமா?"

"அவருக்கு மூச்சு விடவே நேரமில்ல அக்கா," என்றாள் அவள், ஒரு கணமும் யோசிக்காமல். "உங்களுக்கு அந்த சாஃப்ட்வேர்தான் பாந்தமா இருக்கு. கொடி வேற இருக்கு."

போனை வைத்த கையோடு அந்த சாஃப்ட்வேரைக் கணினியிலிருந்து நீக்கினாள். புது நாவல் முடிந்ததும் கணவரிடம் கொண்டுபோய் வைத்தாள். "இனிமே ஒத்த வரி நின்னா என்னைக் கேக்கணும். நான்தான் எழுதுவேன்."

"சரி," என்றார் அவர்.

ஏழாம் அத்தியாயத்தில் ஒன்று நின்றது. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து ஆறு வரி எழுதி ஆறையும் அடித்தாள். மூன்றாம் நாள் காலை தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க ஒண்ணு சொல்லுங்க. நல்லா இருந்துச்சுன்னா இன்னைக்குச் சாப்பாடு கிடையாது."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு ஒரு வரி சொன்னார். அவள் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு வந்து சேர மூன்று மணி ஆயிற்று.