மூன்று நாள் ரயில், நான்கு விநாடி

விமானம் ஏறமாட்டேன் என்று நான் சத்தியம் செய்த அன்றைக்கு எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுக்கு, அதைப் படம் பிடிக்கப் பதினோரு கார்கள் வந்தன. அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள் நான். ஜீவிதா என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் பந்தலூர் மழையில் மண் சரிந்து அண்ணன் பாண்டியனை மூடியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. மழை இப்படிக் கெட்டதற்கு விமானப் புகையும் ஒரு காரணம் என்றார் எனக்கு ஷூ தரும் கம்பெனியின் பாலகுமார். சரிந்த மண்ணுக்கு முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். இனி ரயிலில்தான் போவேன் என்றேன். நடிக்கவில்லை, அண்ணனுக்காக மனசாரச் சொன்னேன்.

இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் குவாஹாட்டியில். இரண்டே இடம். எனக்கு வயது முப்பத்தொன்று, இதை விட்டால் வேறு இல்லை. முன்கூட்டியே கிளம்பப் பாலகுமார் விடவில்லை, ஊட்டியில் இன்னொரு படப்பிடிப்பாம். மூன்று நாள் ரயில். வழியில் வெள்ளம் என்று எட்டு மணி நேரம் நின்றது. இறங்கும்போது கால்கள் வீங்கியிருந்தன. மறுநாள் காலையே ஓட்டம். நான்கு விநாடி பிந்தி மூன்றாவதாக வந்தேன்.

அதே ரயிலில் திரும்பினேன். அம்மா கருப்பம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். மழை நாளில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒரு கிலோ, இரண்டு கிலோ கழிப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"மூணு நாள் ரயில்ல போன அலுப்புக்கு ஒரு அஞ்சு செகண்டு கழிக்கலியா புள்ள?"

"அதெல்லாம் கழிக்க மாட்டாங்கம்மா."

"நீ கேட்டுப் பாத்தியா?"

சிரிப்பு வரவில்லை. நானும் உள்ளூர அதைத்தானே நம்பிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் பாலகுமார் போன் செய்தார். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "ஏனுங்க ஜீவிதா, மனசு விட்றாதீங்க. கோயம்புத்தூர் ஏர்போர்ட் வாசல்ல உங்க போட்டோவப் பெருசா வெச்சிருக்கோமுங்க. ஜெயிச்ச பொண்ணு நாளைக்கு ஃபிளைட்ல வருதுங்க. நீங்களும் வந்து பக்கத்துல நின்னா நல்லாருக்கும். கார் அனுப்பறேனுங்க."

வாய் நிறையக் கெட்ட வார்த்தை வந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

"நம்ம மண்ணு சரிஞ்ச எடத்துல எடுத்த படமா?"

"ஆமா."

சரிவை எஸ்டேட்காரர்கள் சமப்படுத்திப் புதுச் செடி நட்டு ஒரு வருஷம் ஆகிறது. அண்ணன் எங்கே கிடக்கிறான் என்று இப்போது யாராலும் காட்ட முடியாது.

"கார் வரச் சொல்லு புள்ள," என்றாள் அம்மா. "நானும் வாறேன். அவன் கெடக்குற எடத்த அந்தப் படத்துலயாச்சும் ஒருக்காப் பாத்துக்கிறேன்."

வரச் சொன்னேன்.