கடைசிப் பக்கத்து முகமூடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல, ஒரு காமிக்ஸை. அதன் கடைசிப் பக்கம் படியாமல் முரண்டு பிடித்ததால், அந்த முரண்டையே எழுதிப் பார்க்கிறேன்.

பதிப்பக ஆசிரியர் போன் செய்தார். "அம்மா, நம்ம புயலோனையும் அந்த வாண்டுகளையும் ஒரே புத்தகத்துல சேர்த்துடுங்க. ஆறு வயசுப் பிள்ளையும் படிக்கணும், அதோட தாத்தாவும் படிக்கணும்."

புயலோன் பறப்பவன், ஒற்றைக் கையால் பேருந்தைத் தூக்குபவன். முதல் இதழிலிருந்து இன்றுவரை முகமூடியைக் கழற்றாதவன். வாண்டுகள் மூன்று பேர்: வாயாடி அக்கா, பயந்தாங்கொள்ளித் தம்பி, எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரி. கூடவே ஒரு சோம்பேறிப் பூனை. ஒவ்வொரு கதையிலும் ஒரு பேய் வரும். கடைசிப் பக்கத்தில் பேயின் முகமூடியை உருவுவார்கள். உள்ளே யாராவது ஒரு காவலாளியோ கடைக்காரரோ அசடு வழிய நிற்பார்.

[ஒருவன் முகமூடியைக் கழற்றாதவன். மற்றவர்களுக்கு முகமூடியைக் கழற்றுவதே வேலை. நீங்கள் இந்நேரம் கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்காமல் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டேன்.]

2

முதல் தொடக்கம்: 'வானத்தில் ஒரு கரும்புள்ளி...' வேண்டாம். வானத்தில் தொடங்காத புயலோன் கதையே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: 'பூனை கொட்டாவி விட்டது. அப்போது அதற்குத் தெரியாது, இன்னும் சற்று நேரத்தில்...' பூனைக்குத் தெரியாதது ஆயிரம் இருக்கும்.

மூன்றாவது நின்றது: 'பட்டப்பகலில், நூலகத்துப் புத்தகங்கள் தாமாகவே இடம் மாறின.'

3

படம் வரைபவள் என் நாத்தனார். எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். சின்ன வயதில் சுவரெல்லாம் கிறுக்கியதால் என் கணவர் தங்கைக்கு வைத்த பெயர் 'கோடு'. கோடு போடச் சொன்னால் ரோடே போட்டுவிடுவாள். நான் 'கூட்டம்' என்று ஒரு சொல் எழுதினால், கூட்டத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தனிக் கவலை கொடுத்து வரைவாள்.

புத்தகம் பாதி முடிந்திருந்தபோது, ஒரு காலையில் அவள் வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். இடது கண் மூட மறுத்தது. உதடு ஒருபுறம் இறங்கியிருந்தது. மருத்துவர் முகவாதம் என்றார். "பயப்படாதீங்க, பெரும்பாலும் சரியாயிடும். சில பேருக்குக் கொஞ்சம் நாளாகும்." கோடு அந்தச் சில பேரில் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் முகக்கவசம்தான்.*

என் கணவர் மாடிப்படியில் நின்று, "ஏய் கோடு! கோணலா இருந்தாலும் கோடு கோடுதான்டி!" என்று கத்தினார். ஆறுதலாகத்தான் சொன்னார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. (இதை எழுதியதற்குக் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.)

(இந்த இடத்தில் அவள் அழுததாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அழுதிருந்தால் கதைக்கு வசதி என்று மட்டும் தெரியும்.)

* ஒன்றை முகமூடி என்கிறோம், இன்னொன்றைக் கவசம் என்கிறோம். வித்தியாசம் துணியில் இல்லை.

4

ஆசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்: கடைசிப் பக்கத்தில் பேயின் முகமூடியோடு புயலோனின் முகமூடியும் கழல வேண்டும். நான் எழுதிக் கொடுத்தேன்: 'ஐந்தாம் கட்டம். பூனை தாவுகிறது. முகமூடி கிழிகிறது. முகம், மிக அருகில்.'

கோடு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"என்ன முகம் அண்ணி வரையணும்?"

"நல்லா லட்சணமா ஒண்ணு போடேன்டி."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

அவள் கோபப்படவில்லை. "இதை நான் வரையல அண்ணி. வேற யாரையாவது வெச்சு வரைஞ்சுக்கோங்க" என்றாள். நாங்கள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அவள் வரையாத புயலோனை நான் எழுதியதும் இல்லை.

5

வேறு முடிவுகளைத் தேடினேன்.

(அ) முகமூடிக்குள் இன்னொரு முகமூடி. "இது ஏமாத்து வேலை" என்றாள்.

(ஆ) சரியாக அந்த நொடியில் கரண்ட் போகிறது. "பட்டப்பகல்ல நடக்குற கதை அண்ணி."

(இ) புயலோன் தானே முன்வந்து முகமூடியைக் கழற்றி, 'இனி நான் ஒளிய மாட்டேன்' என்று... இதை நான் அவளிடம் காட்டவே இல்லை.

பிறகு தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் தொடங்கினாள்.

"இந்தப் பசங்க யாரோட முகமூடியைக் கழட்டுவாங்க அண்ணி?"

"பேயோடதை."

"அதாவது, ஊரைப் பயமுறுத்துறவனோடதை. இவன் யாரைப் பயமுறுத்தினான்?"

எத்தனையோ வருடமாக அந்தப் பிள்ளைகளை எழுதுகிறேன். அவர்களுக்கு அறிவு உண்டு என்று தெரியும். இங்கிதமும் இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

அன்றே இருவருமாக மாற்றினோம். கதையின் நடுவிலேயே கண்ணாடிக்காரி புயலோன் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறாள். கடைசியில் பூனை தாவப் பார்க்கிறது. அவள் அதன் வாலைப் பிடித்துக்கொள்கிறாள்.

'நான் யாரென்று தெரிந்துவிட்டதா?' என்கிறான் புயலோன்.

'தெரிந்துவிட்டது. நீங்களாகச் சொல்கிற அன்றைக்கு, முதல்முறை கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறோம்.'

6

பக்கங்களை எடுத்துக்கொண்டு இருவரும் பதிப்பகத்துக்குப் போனோம். ஆசிரியர் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"முகத்தைக் காட்டலேன்னா படிக்கிறவன் திட்டுவான்மா." நிமிர்ந்து கோடுவைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? அவனும் மூடியிருக்கான், நீங்களும் மூடியிருக்கீங்க. சளியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"சளி இல்ல சார். முகத்துல ஒரு பக்கம் வேலை செய்யல. கை நல்லா வேலை செய்யுது. படத்தைப் பாருங்க."

அவர் சிரிப்பு அடங்கியது. மறுபடி குனிந்து பார்த்தார். பூனையின் வாலைப் பற்றிய அந்தச் சின்ன விரல்களையும், புயலோனின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்திருப்பதையும். மேசை விசிறி திரும்பித் திரும்பித் தாளைத் தூக்கியது. அவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"போட்டுடலாம்" என்றார். நாங்கள் எழுந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது சரி, அவன் யாரு? எனக்காவது சொல்லுங்கம்மா."

"சொல்ல மாட்டோம் சார்" என்றோம் இருவரும்.

7

இதுவரை எழுதியதைக் கோடுவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தாள்.

"இதோட நிறுத்திக்கோங்க அண்ணி. திரும்பி வர்ற வழியில நடந்ததை எழுத வேணாம்."

"அது இல்லேன்னா கதைக்கு முடிவே இல்லடி."

யோசித்தாள். "வேணும்னா துப்பு மட்டும் குடுங்க. கண்டுபிடிக்கிறவங்க கண்டுபிடிச்சுக்கட்டும்."

ஆகவே துப்பு மட்டும். பதிப்பகத் தெருமுனையில் ஓர் ஐஸ்கிரீம் கடை உண்டு. வாசலில் நடைபாதையை ஒட்டி ஒரு பெஞ்சு. எந்நேரமும் நாலு பேர் போவதும் வருவதுமான இடம். ஆளுக்கொரு கோன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் மடியில் இரண்டு சொட்டு விழுந்தது. அடிக்கூம்பு வரைக்கும் நிதானமாகத் தின்று முடித்தாள். நான் போகிற வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.