பாதிப் பாலம்

"கமா போடு," என்றாள் அம்மா. கண்கள் மூடியே இருந்தன.

சின்னவள் போட்டாள். மடிக்கணினி கட்டில் விளிம்பில் சாய்ந்திருந்தது. அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து நாவலை அவள் சொல்ல, இவள் தட்டச்சு செய்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் அதே ஒரு பத்திதான்.

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன ஒருத்தி திரும்பி வருகிறாள், நாவலில். அவள் ரயிலை விட்டு இறங்கும் பத்தியை எழுதி ஒரு வாரமாகிறது. இன்னும் வீடு வந்து சேரவில்லை.

மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னான். "ஏம்மா, அவளை ஒரு பஸ்ல ஏத்தி விடேன். பாவம், கால் வலிக்கும்ல."

"வேணும்னா நீ ஏறிப் போ. அவ நடந்துதான் வருவா."

"இன்னைக்கு ஒரு நாள் ரெண்டு பத்தியா சொல்லேம்மா," என்றாள் சின்னவள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "வீட்டுல கொண்டுவந்து விட்டுடலாம். அப்புறம் நிதானமா திருத்திக்கலாம்."

அம்மா கண் திறந்தாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே குடுவையில் நிறம் மாறுவதற்குக் காத்திருந்தே காலம் போனது.

"கடைசியிலதாண்டி கை மெதுவா போகணும். ஒரு சொட்டு கூடிப் போச்சுன்னா மொத்தத்தையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எனக்கு அதுக்கு நேரம் இருக்கா?"

அண்ணன் பொடித்த மாத்திரையையே மறுபடியும் பொடித்தான்.

"எழுது. பாதிப் பாலம் வந்ததும் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். புள்ளி வை." மூச்சு வாங்கியது. "இன்னைக்குப் போதும்."

சாயங்காலம் விளக்குப் போட வந்தபோது அந்த மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தார்கள். வாடகை நாற்காலிகளை அண்ணன் அடுக்கிக்கொண்டிருந்தான். சின்னவள் அம்மாவின் அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். 'அவள் வீடு வந்து சேர்ந்தாள்' என்று தட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

"வந்துட்டாளா?"

"இல்ல."

"எங்க நிக்கிறா?"

"பாலத்துல. பாதியில."

அவன் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். போர்வை எடுக்கப்பட்டு மெத்தை மட்டும் இருந்தது. அதை ஒருமுறை தடவினான்.

"நீதானே எழுதப்போற?"

"தெரியலண்ணா."

"எழுது. ஆனா பஸ்ல ஏத்திடாத."

சின்னவள் தலையசைத்தாள். நெடுநேரம் கழித்து ஒரு வரி தட்டினாள். 'கைப்பிடிச் சுவரில் பையை வைத்துவிட்டு, கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாள்'.

புள்ளி வைத்து, மூடினாள்.